வெளியார் மென்பொருளை இணைக்கும் முடிவுகளை எப்படி எழுதி வைப்பது?

மண்டபம், கீழக்கரை, தொண்டி மூன்று இடத்திலும் கொட்டகை போட்டு நண்டு, இறால், கணவாய் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு விற்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு மென்பொருளான டேலி, விற்பனை பில்லை அரசின் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ், படகுக்காரர் கணக்குக்குப் பணம் அனுப்பும் பேமென்ட் சேவை, எஸ்எம்எஸ், மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் கடல்நிலைத் தகவல் என ஐந்து வெளிச் சேவைகள் அதில் இணைந்திருக்கின்றன. இணைத்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். எது ஏன் அப்படி இணைக்கப்பட்டது என்று இப்போது இருக்கும் மூன்று பேருக்கும் தெரியவில்லை. "இதையெல்லாம் எழுதி வைக்க டெம்ப்ளேட் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள். டெம்ப்ளேட்டைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். அதற்கு அடியில் இருக்கும் கேள்விதான் பெரியது: நம் கையில் இல்லாத ஒரு மென்பொருளை நம்பி எடுத்த முடிவில் எதையெல்லாம் எழுதி வைத்தால், அடுத்து வருபவர் பயப்படாமல் அதில் கை வைக்க முடியும்?

வடிவத்தைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். இதற்கு 'முடிவுப் பதிவு' என்று பெயர், கீழே சுருக்கமாகப் 'பதிவு' என்கிறேன். 2011 நவம்பரில் மென்பொருள் வடிவமைப்பாளர் மைக்கேல் நைகார்ட் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்று ஐந்தே பகுதி. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு, ஒன்று அல்லது இரண்டு பக்கம். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. கோட் (மென்பொருள் நிரல்) இருக்கும் அதே கிட் ரெப்போவில் (நிரலும் அதன் ஒவ்வொரு மாற்றமும் சேமிக்கப்படும் இடம்) கோப்பும் இருக்க வேண்டும், ஏனென்றால் கூகுள் டிரைவில் கிடக்கும் ஆவணத்தை கோட் மாற்றுகிறவர் திறந்து பார்ப்பதில்லை. முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்கவோ உள்ளே திருத்தவோ வேண்டாம். நிலை என்ற இடத்தில் "பதிவு 14 இதை மாற்றியது" என்று மட்டும் போட்டுவிட்டு 14-ஐப் புதிதாக எழுதுங்கள். பின்னால் வந்த சில வடிவங்கள் "பரிசீலித்த மற்ற வழிகள்" என்றொரு பகுதியைச் சேர்த்தன. நாமே எழுதும் கோட் விஷயத்தில் அது விருப்பம்போல. வெளிச் சேவைக்கு அது கட்டாயம் என்பேன். நீங்கள் வேண்டாம் என்று விட்ட சேவையின் விற்பனையாளர் ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து நிற்பார். அப்போது ஏன் விட்டோம் என்பது ஒரு வரியில் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பதிவு எழுதத் தேவையில்லை. பணம் நகர்கிறதா, சட்டம் அல்லது வரி தொடர்புடையதா, மற்றவர்களின் தகவல் வெளியே போகிறதா, மாற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எழுதுங்கள். பில் அச்சடிக்கும் தெர்மல் பிரின்டர் எந்த மாடல் என்பதற்குப் பதிவு வேண்டாம். எடைத் தராசின் எண்ணை சீரியல் கேபிள் வழியாக நேரே எடுப்பதா, ஆள் பார்த்துத் தட்டச்சு செய்வதா என்பதற்கு வேண்டும், ஏனென்றால் படகுக்காரருக்கும் கம்பெனிக்கும் தகராறு வந்தால் அந்த எண்ணில்தான் வரும்.

இனி வெளிச் சேவைக்கே உரிய விஷயம். நாமே எழுதிய கோட் பற்றிய முடிவு நாம் தொட்டால்தான் மாறும். வெளிச் சேவையைப் பற்றிய முடிவு நாம் தூங்கும்போதும் செல்லாமல் போகலாம்: விலை மாறும், விதி மாறும், ஏபிஐயின் (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) பழைய பதிப்பை நிறுத்துவார்கள். ஆகவே "சூழல்" என்ற பகுதியில் கதை எழுதாமல் அனுமானங்களை எழுதுங்கள், ஒவ்வொன்றும் தனி வரியாக, பார்த்த தேதியோடு. ஒவ்வொரு அனுமானத்துக்கும் பக்கத்தில் அது எந்த வகை என்றும் குறிக்க வேண்டும்: சேவை தருபவர் எழுத்தில் கொடுத்ததா, நாமே சோதித்துப் பார்த்ததா, யூகமா. இந்த மூன்றையும் பிரிக்காமல் எழுதிய பதிவுதான் பிற்பாடு ஆளைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். "நிமிடத்துக்கு 100 கோரிக்கை தாங்கும்" என்று மொட்டையாக இருந்தால் அது ஒப்பந்தத்தில் உள்ளதா, யாரோ போனில் சொன்னதா என்று தெரியாது.

அனுமானம் காலாவதியாவதற்கு இ-இன்வாய்ஸை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2020 அக்டோபரில் அது 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு மட்டும் தொடங்கியது. பிறகு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் வந்தது. 2021-ல் "நமக்கு இது பொருந்தாது, கையால் பில் போட்டால் போதும்" என்று ஒரு நடுத்தர நிறுவனம் எடுத்த முடிவு அன்றைக்குச் சரி. ஆனால் பதிவில் "எல்லை நம் வியாபாரத்துக்குக் கீழே வந்தால் இந்த முடிவு ரத்து" என்று ஒரு வரி இல்லாவிட்டால், யாரும் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு வரியை நான் "மறுபார்வைக் கட்டளை" என்று தனிப் பகுதியாகவே வைக்கச் சொல்வேன். "ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்போம்" என்பதை யாரும் செய்வதில்லை; எந்த நிகழ்ச்சி நடந்தால் திறக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதினால் செய்வார்கள்.

அடுத்தது, நம் சேவை யாரை நம்பி நிற்கிறது என்பது. 2020 மார்ச் 5-ம் தேதி யெஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தபோது, அந்த வங்கியை நம்பி ஓடிக்கொண்டிருந்த போன்பேயின் பரிவர்த்தனைகளும் நின்றன. போன்பேயை இணைத்திருந்த கடைக்காரர்களில் எத்தனையோ பேருக்கு நடுவில் அப்படி ஒரு வங்கி இருப்பதே அன்றுதான் தெரிந்தது. ஆகவே உங்கள் பேமென்ட் சேவைக்குப் பின்னால் எந்த வங்கி, எஸ்எம்எஸ் சேவைக்குப் பின்னால் எந்தத் தொலைபேசி நிறுவனம், இ-இன்வாய்ஸுக்கு நடுவில் எந்த ஜிஎஸ்பி (ஜிஎஸ்டி தளத்தோடு நம்மை இணைக்க அனுமதி பெற்ற நிறுவனம்) என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்டு எழுதுங்கள். அதற்கும் பின்னால் போக முடியாது, போகவும் வேண்டாம். மாற்றாக இரண்டாவது ஒரு சேவையை இணைக்கும்போதும் இது உதவும். இரண்டும் ஒரே வங்கியின் மேல் உட்கார்ந்திருந்தால் உங்களிடம் மாற்று இல்லை.

இப்போது மிக முக்கியமான இடம்: அந்தச் சேவை பதில் சொல்லாதபோது நாம் என்ன செய்வது என்ற முடிவு. பெரும்பாலான பதிவுகளில் இதுதான் காணாமல் போகிறது. இதை ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் நாசமாகும்.

படகுக்காரருக்குப் பணம் அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை போய்விட்டது, 30 வினாடி ஆகியும் பதில் இல்லை. இது தோல்வி அல்ல, "தெரியாது" என்ற மூன்றாவது நிலை. மறுபடி அனுப்பினால் 40,000 ரூபாய் இரண்டு முறை போகலாம், அதைத் திரும்ப வாங்குவது ஏலக்கொட்டகையில் எளிதல்ல. ஆகவே பதிவில் இப்படி இருக்க வேண்டும்: ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் நம் பக்கத்திலேயே ஓர் அடையாள எண்ணை முதலில் டேட்டாபேஸில் எழுதிவிட்டுத்தான் கோரிக்கை அனுப்புகிறோம், டைம்அவுட் ஆனால் புதிய எண்ணில் அனுப்புவதில்லை, அதே எண்ணை வைத்து 1, 5, 15, 60 நிமிடங்களில் நிலையை மட்டும் கேட்கிறோம், அதற்கு மேலும் தெரியாவிட்டால் கணக்காளர் கைக்குப் போகிறது. அதே எண்ணில் இரண்டாவது முறை வந்தால் சேவை தருபவர் இரட்டிப்பாக்க மாட்டார் என்பது அனுமானம். எத்தனை மணி நேரத்துக்கு அந்த எண்ணை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கில் பிடித்த பணம் போய்ச் சேராவிட்டால் ஐஎம்பிஎஸ், யுபிஐ பணமாற்றங்களில் அடுத்த நாளுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வைத்த விதி. கொட்டகையில் இருப்பவர் படகுக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த விதியே அடிப்படை என்பதால் இதையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

பணம் போனதா என்ற செய்தியைச் சேவை தருபவரே நம் சர்வருக்குத் தானாக அனுப்புவதும் உண்டு, அதுதான் வெப்ஹூக். அதில் தப்பு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரே செய்தி இரண்டு முறை வரும். "வெற்றி" முதலில் வந்து "செயலில் உள்ளது" பிறகு வரும். செய்தி அவர்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் மின் கையெழுத்தைச் சரிபார்க்க, வந்த உரையை அப்படியே பயன்படுத்த வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. முதலில் சேமித்து, உடனே 200 என்ற பதில் ("கிடைத்தது" என்பதற்கான குறியீடு) கொடுத்து, வேலையைப் பின்னால் செய்யுங்கள். டேலியில் எழுதி முடித்த பிறகுதான் பதில் என்று வைத்தால் அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி அனுப்புவார்கள். வெப்ஹூக் எவ்வளவு ஒழுங்காக வந்தாலும், நாள் முடிவில் அவர்களின் பட்டியலையும் நம் பட்டியலையும் ஒப்பிடும் ஒரு வேலை ஓட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல், தேதி. சர்வர் யுடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) இருந்தால், விடியற்காலை ஐந்தரைக்கு முன் நடக்கும் கொள்முதல் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். பகலில் வியாபாரம் செய்யும் கடைக்கு இது தெரியவே தெரியாது. இருட்டோடு கரைக்கு வரும் மீனை வாங்குகிறவர்களுக்குத் தினமும் தெரியும். எந்தச் சேவை எந்த நேரத்தில் தேதி அனுப்புகிறது, நாம் எந்த இடத்தில் இந்திய நேரத்துக்கு மாற்றுகிறோம் என்பதற்குத் தனியாக ஒரு சின்னப் பதிவு எழுதினாலும் தகும்.

இ-இன்வாய்ஸில் நிலைமை தலைகீழ். அங்கே மறுபடி அனுப்பலாம், பாதகமில்லை. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்துதான் 64 எழுத்து ஐஆர்என் (விலைப்பட்டியலின் பதிவு எண்) உருவாகிறது; அதே பில் இரண்டாவது முறை போனால் 2150 என்ற பிழை வரும். அந்தப் பிழையின் பொருள் "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்பது. ஆகவே கோட் அதைத் தோல்வியாக எண்ணாமல், பதிவான ஐஆர்என்னை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதி வைக்காத இடங்களில், பிழையைப் பார்த்துப் பயந்து பில் எண்ணை மாற்றி அனுப்பி, ஒரே சரக்குக்கு இரண்டு விலைப்பட்டியல் பதிவாகிவிடும். 24 மணி நேரத்துக்குள் என்றால் ரத்து செய்யலாம். அதன் பிறகு கிரெடிட் நோட் (தொகையைக் கழித்துக் காட்டும் ஆவணம்) தான். ஆண்டு வியாபாரம் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். எனவே "இணைப்பு இல்லையென்றால் வரிசையில் நிற்கட்டும்" என்ற முடிவுக்கு ஓர் எல்லை நாள் உண்டு, அதையும் எழுதுங்கள். எந்தச் சரக்குக்கு வரி உண்டு, பனியில் வைத்த மீனுக்கும் உறையவைத்துப் பொதிந்த மீனுக்கும் என்ன வித்தியாசம் என்பதை மென்பொருள்காரர் தீர்மானிக்கக் கூடாது. ஆடிட்டர் சொன்னதை, சொன்ன தேதியோடு, "எழுத்தில் பெற்றது" என்ற வகையில் பதிவில் சேர்ப்பதோடு நம் வேலை முடிகிறது.

டேலியில் வேறு வகையான பொறி. டேலி இயல்பாக 9000 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல்) எக்ஸ்எம்எல் வடிவக் கோரிக்கைகளைக் கேட்கும். ஆனால் அந்தக் கணினியில் டேலி திறந்திருக்க வேண்டும், சரியான கம்பெனியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கணக்காளர் மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போனால் காலைக் கொள்முதலின் வவுச்சர்கள் (கணக்கில் ஏறும் சீட்டுகள்) எங்கும் போய்ச் சேராது. இன்னொன்று: வவுச்சர் ஏறாவிட்டாலும் எச்டிடிபி நிலை 200 என்றே வரும், உள்ளே இருக்கும் பதிலைப் பிரித்து, எத்தனை உருவானது, எத்தனை பிழை என்ற எண்ணிக்கையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பிழைகளில் பெரும்பங்கு "அந்த லெட்ஜர் (ஒருவரின் கணக்குப் பக்கம்) இல்லை" என்பதாக இருக்கும், காரணம் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயரில் பல படகு உரிமையாளர்கள் உண்டு, ஒருவரையே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் படகுப் பதிவு எண்ணை நம் பக்கத்தில் சாவியாக வைத்து, டேலி லெட்ஜர் பெயரை அதோடு கட்டும் அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். படகு கைமாறினால் எந்தத் தேதியிலிருந்து புது உரிமையாளர் என்பதும் அந்த அட்டவணையில் வேண்டும். பெயர் விஷயத்தில் டேலி சொல்வது இறுதியா, நம் மென்பொருள் சொல்வது இறுதியா என்ற முடிவுதான் இதில் பெரியது. எதை வைத்தாலும் ஒன்றை வைத்து எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் திருத்த விட்டால் மாதக் கடைசியில் கணக்கு ஒட்டாது.

இன்காய்ஸ் தகவலில் கவனிக்க வேண்டியது வெறுமை. மீன் திரளும் பகுதிக் குறிப்பு செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துத் தயாராகிறது. மேகம் மூடினால் பாதிக்கப்படும், மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் மோசமாக இருக்கும்போதும் வெளியிடப்படுவதில்லை. அதனால் தகவல் இல்லை என்பதைக் கோளாறு என்று எண்ணி நேற்றைய தகவலையே காட்டும் கோட் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். எச்சரிக்கை எதுவானாலும் வெளியான நேரத்தோடு, அவர்கள் எழுதிய சொற்களிலேயே காட்ட வேண்டும். சுருக்கவோ திருப்பிச் சொல்லவோ கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பழசானால் திரை காலியாக இருக்கட்டும். கடலுக்குப் போகலாமா என்பதை மீன்வளத் துறையின் டோக்கனும் வானிலைத் துறையின் அறிவிப்பும் தீர்மானிக்கின்றன, உங்கள் செயலி அல்ல என்பதைப் பதிவின் முடிவுப் பகுதியிலேயே எழுதுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

எஸ்எம்எஸ்ஸில் இரண்டு விஷயம். ஒன்று செலவு: தமிழில் அனுப்பினால் யூனிகோடு ஆகிவிடும், ஒரு செய்தியின் 160 எழுத்திடம் 70 ஆகக் குறையும், நீண்டு பிரிந்தால் ஒரு துண்டுக்கு 67. அதிலும் புள்ளியும் கொம்பும் தனி இடம் பிடிக்கும். "கொள்முதல்" என்ற ஐந்தெழுத்துக்கு ஒன்பது இடம். எடை, விலை, தொகை மூன்றையும் தமிழில் விளக்கமாக எழுதினால் ஒரு செய்திக்கு மூன்று செய்தியின் காசு போகும். அதற்காகத் தமிழை விட வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே எடுத்த முடிவாக, கணக்கோடு பதிவில் இருக்க வேண்டும். இரண்டாவது, டிஎல்டி பதிவு, அதாவது தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் செய்யும் பதிவு. அனுப்புபவர் பெயரும் செய்தி வாசகமும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும், வாசகம் பொருந்தாவிட்டால் செய்தி போகாது. அந்தப் பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, மென்பொருள் எழுதியவர் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இது எஸ்எம்எஸ்ஸோடு நிற்கவில்லை. ஐந்து சேவைகளுக்கும் கணக்கு யார் பெயரில், நுழைவுக்கான ஓடிபி எந்தக் கைபேசிக்குப் போகிறது, பில் யார் மின்னஞ்சலுக்கு வருகிறது, சான்றிதழோ டோக்கனோ எப்போது காலாவதியாகிறது, அவர்களின் சர்வரில் நம் எந்த ஐபி முகவரி அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பதிவோடு ஒட்டிய ஒரு குறிப்பில் எழுதுங்கள். போனவரின் எண்ணுக்கே ஓடிபி போய்க்கொண்டிருந்தால், அவர் அந்த சிம்மை நிறுத்தும் நாளில் உங்கள் பட்டுவாடாவும் நிற்கும். கடவுச்சொல், ரகசியச் சாவி எதையும் பதிவில் எழுத வேண்டாம். எங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். படகு உரிமையாளரின் வங்கிக் கணக்கு, கைபேசி எண் போன்றவற்றில் எவை எந்தச் சேவைக்குப் போகின்றன என்பதும் வேண்டும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது நிறுவனம்தான்.

வெளியேறும் வழி பற்றியும் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். படகுக்கு எஞ்சின் வாங்குகிறவர் உதிரிபாகம் ராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, மதுரைக்கு ஓட வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்பதைப் போலத்தான் இதுவும். நம் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு, கோடில் எத்தனை இடத்தில் அவர்களின் பெயர் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதினாலே மாற்றும் செலவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். அவர்களின் சொற்களும் நிலைக் குறியீடுகளும் ஒரே ஒரு அடாப்டருக்குள் (இரு பக்கச் சொற்களையும் மாற்றித் தரும் நடுப்பகுதி) அடங்கி, மற்ற இடங்களில் நம் சொற்கள் மட்டும் இருக்கும்படி எழுதுவது பேமென்ட்டுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் கட்டாயம் பலன் தரும். டேலிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கணக்காளர்கள் டேலியை விட்டு நகரப்போவதில்லை என்றால் நேரடியாக எழுதிவிட்டு, "அடாப்டர் வேண்டாம் என்று தெரிந்தே விட்டோம்" என்று பதிவு செய்வதும் நல்ல முடிவே.

சேவையை மாற்றுவதற்கு ஏற்ற காலத்தையும் இந்தக் கடற்கரையே தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டிருக்கும் என்பதால் கொட்டகை காலியாகாது, ஆனால் அழுத்தம் குறையும். ஆண்டு முழுதும் இதைவிட நல்ல சோதனைக் காலம் கிடைக்காது. பழைய சேவையையும் புதியதையும் இரண்டு வாரம் பக்கம் பக்கமாக ஓட்டி ஒப்பிடலாம். அதே காரணத்தால் மே மாதத்தில் எடுத்த சுமை அளவை நம்பக் கூடாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும் என்பதால் வரத்து சில காலைகளில் குவியும். ஏபிஐ எல்லையை நாள் சராசரியோடு ஒப்பிடாமல், அந்தக் காலையின் உச்ச ஒரு மணி நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

முழுப் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. "பதிவு 7: படகு உரிமையாளர் பட்டுவாடா ஒரே பேமென்ட் சேவை வழியாக. நிலை: ஏற்கப்பட்டது. சூழல்: மூன்று கொட்டகைகளிலும் ஏலம் முடிந்த அன்றே பணம் தர வேண்டும். இரண்டாவது கோரிக்கையை அடையாள எண் தடுக்கும் (சோதித்தது). ஞாயிற்றுக்கிழமையும் பணம் போகும் (எழுத்தில்). உச்ச நேரத்தில் மணிக்கு 200 பட்டுவாடா போதும் (யூகம்). பரிசீலித்த மற்ற வழிகள்: வங்கியின் நேரடி ஏபிஐ, அமைக்க நாளாகும், கட்டணம் குறைவு, தாளில் பட்டியல் எழுதி வங்கிக் கிளையில் கொடுப்பது, அன்றே போய்ச் சேராது. முடிவு: ஒரே சேவை, டைம்அவுட் ஆனால் மறுபடி அனுப்புவதில்லை, நிலை மட்டும் கேட்போம். விளைவுகள்: சேவை நின்றால் அன்று ரொக்கமும் கைச்சிட்டையும், அதற்கான சிட்டைப் புத்தகம் மூன்று கொட்டகையிலும் இருக்கும், நாள் இறுதியில் கணக்காளர் ஒப்பிடுவார். மறுபார்வைக் கட்டளை: கட்டணம் மாறினால், பின்னால் இருக்கும் வங்கி மாறினால், நாள் இறுதி ஒப்பீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு வித்தியாசம் வந்தால்." இதில் இருக்கும் எண்கள் வெறும் மாதிரி, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ரொக்கமும் கைச்சிட்டையும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சர்வர் விழும் நாளில் கொட்டகையில் நிற்கும் எழுத்தருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வரிதான், அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும்.

பழைய முடிவுகளை மீட்பது கடைசிக் கேள்வி. கிட் வரலாற்றில் ஒவ்வொரு சேவையின் பெயரும் முதன்முதலில் வந்த கமிட்டை (சேமித்த மாற்றம்) தேடுங்கள். அதன் தேதியை வைத்து அந்த வார மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். நிறுவனத்தின் வங்கி அறிக்கையில் மாதாமாதம் யாருக்குப் பணம் போகிறது என்று பார்த்தால், கோடில் கண்ணுக்குத் தெரியாத சேவையும் தெரியவரும். சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை இரண்டு வாரம் பதிவு செய்து பார்ப்பதும் அப்படியே. நள்ளிரவில் மட்டும் ஓடும் கிரான் வேலைகள் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை) அதில்தான் பிடிபடும். போனவரை அழைத்துப் பேச முடிந்தால் "ஏன் இதை எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "வேறு எதைப் பார்த்தீர்கள், எது வேலை செய்யவில்லை, எதைத் தொட்டால் எது உடையும்?" என்று கேளுங்கள், அப்போதுதான் நினைவு வரும். இப்படி எழுதும் பதிவின் நிலையில் "பின்னோக்கி எழுதியது" என்று போட வேண்டும். காரணம் கிடைக்காத இடத்தில் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். நமக்கு நியாயமாகத் தோன்றும் காரணத்தை அங்கே நிரப்பினால், அடுத்தவர் அதை உண்மை என்று நம்பி, இல்லாத ஒரு தேவைக்காக அந்தக் கோட் மாறாமல் காத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தையும் ஒரே வாரத்தில் எழுத முயலாதீர்கள், பாதியில் நின்றுவிடும். முதலில் கணக்குகள் யார் பெயரில் என்ற குறிப்பு. அதற்கு ஒரு நாள் போதும். பிறகு பட்டுவாடா, அடுத்து இ-இன்வாய்ஸ், அதன்பின் டேலி. இன்காய்ஸ் பகுதியில் பழைய தகவலைக் காட்டும் கோட் இருக்கிறதா என்று மட்டும் உடனே பார்த்துவிட்டு, பதிவைப் பின்னால் எழுதலாம். இனிமேல் வெளிச் சேவையைத் தொடும் எந்த மாற்றமும் பதிவு எண் இல்லாமல் மெர்ஜ் ஆகக் (முதன்மைக் கோட்-டில் சேரக்) கூடாது என்று மூன்று பேரும் ஒத்துக்கொள்ளுங்கள், எழுதியவர் அல்லாத ஒருவர் படித்து, "இது நின்றால் நாளைக் காலை நான் என்ன செய்வேன்?" என்பதற்கு அதில் விடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி கொடுக்கட்டும்.